வாசலில் நிற்கக் கூடாத வண்டி

நிவேதா போன வாரம் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கார் கம்பெனியில், நான் இருந்த அதே சந்தைத் திட்டப் பிரிவில் இப்போது இருப்பவள். கம்பெனி மறுபடியும் தள்ளாடுகிறதாம். கையில் இருக்கிற இரண்டு பிராண்டில் ஒன்றை மூடிவிடுவதா, இல்லை புது முகம் கொடுத்துத் தூக்கி நிறுத்துவதா என்று அம்பத்தூர் ஆபீசில் கூட்டத்துக்கு மேல் கூட்டமாம். "மேடம், சாரதி பிராண்டுக்கு நீங்க பண்ணீங்களே, அந்தக் கதைய புதுசா சேர்ந்த பசங்களுக்கு வந்து சொல்லணும்" என்றாள். பேச வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மைக்கைப் பிடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். பேச்சு அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். எழுதும்போது கொஞ்சம் அடங்கி இருக்க முடியும் என்று ஒரு நம்பிக்கை.

நீங்க பண்ணீங்களே என்றாளே, அது உண்மை. நான்தான் பண்ணினேன். நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் பெரிய கதை இல்லை. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாட ஆலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம், நானும் தம்பி குமரேசனும். நான் பி.காம். முடித்து ஒரு கார் டீலரிடம் பில் போடும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்து கம்பெனிக்குத் தாவினேன். விற்பனைக் கணக்கு, டீலர் தொடர்பு என்று உருண்டு கடைசியில் திட்டப் பிரிவில் உட்கார்ந்தேன். குமரேசனுக்குப் படிப்பு ஏறவில்லை. வண்டி ஏறியது. யாரோ ஒருவரின் காருக்கு டிரைவராக இருந்து, பிறகு தானே ஒரு டாக்ஸி வாங்கி ஓட்டினான். அது எங்கள் கம்பெனி சாரதிதான். அப்பா இருந்தவரை வீட்டுக்கு யார் வந்தாலும், "மக கார் கம்பெனில ஆபீசர், மகன் காருக்கே ஓனர்" என்று ஒரே மூச்சில் சொல்வார்.

சாரதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அப்போது இரண்டு பிராண்ட். ஒன்று இலாரா. விலை கூடியது, பளபளப்பானது, மேலிடத்தின் செல்லப்பிள்ளை, வருஷா வருஷம் நஷ்டம். இன்னொன்று சாரதி. பின்சீட்டில் மூன்று பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம். டிக்கியில் ஒரு சீர்வரிசையே போகும். எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துச் சரி செய்துவிடுவான். டாக்ஸிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினார்கள். விமான நிலைய வாசலில் பார்த்தால் வரிசையாக மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட சாரதி நிற்கும். டி போர்டு என்போம். சொந்த உபயோகத்துக்கு வெள்ளை பிளேட், ஓன் போர்டு.

கம்பெனிக்குக் கையைக் கடிக்கத் தொடங்கியபோது கேள்வி வந்தது. சாரதியை மூடிவிட்டு இருக்கிற காசையெல்லாம் இலாராவில் போடுவதா? இல்லை, சாரதியையே குடும்பக் காராக மாற்றி, பூந்தமல்லி, போரூர் பக்கம் புதிது புதிதாக எழும்பும் பிளாட்டுகளில் இருக்கும் ஐ.டி.க்காரர்களுக்கு விற்பதா? மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. சாரதியை அப்படியே விட்டுவிட்டு இலாராவை மூடுவது. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லாரும் இலாராவில்தான் ஆபீசுக்கு வந்தார்கள். நானும் சொல்லவில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் பத்ரி சார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "நல்லது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு மாடியே நடுங்கும். கூட்டத்தில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து மெதுவாக உரிப்பார். தோல் முழுக்க வருவதற்குள் பேசுகிறவர் படம், பட்டியல் எல்லாம் காட்டி முடித்துவிட வேண்டும். முடித்ததும், "இதையெல்லாம் ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்பார். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். யார் வாக்கியம் பிடிக்கிறதோ அவருக்கு முதல் சுளை. சிரிக்காதீர்கள், அந்தச் சுளைக்காக எம்.பி.ஏ. படித்தவர்கள் ராத்தூக்கம் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை நடத்தினோம். நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, வாடகை சல்லிசு. உள்ளே ஐந்து கார்களை நிறுத்தினோம். ஒன்று எங்கள் சாரதி, சட்டென்று அடையாளம் தெரியாதபடி புது முகப்பு, புது பெயின்ட், புது சீட் உறையோடு. மற்றதெல்லாம் போட்டிக் கம்பெனி வண்டிகள். முன்னால், பின்னால், ஸ்டீயரிங் நடுவில், சக்கர மூடியில் எங்கெல்லாம் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். ஒரு எழுத்து வெளியே தெரியக் கூடாது. பிளாட்டுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்து, கதவைத் திறந்து மூடச் சொல்லி, உட்காரச் சொல்லி, இதற்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்போம். பிறகு அவர்கள் கண் முன்னால் டேப்பை உரிப்போம். உரித்தபின் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்போம். இரண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் பெயரின் விலை. போகும்போது ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

டேப் இருந்தவரை சாரதிக்கு ஏக மரியாதை. ஒருவர் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செம கெத்தா இருக்கு, இதுதான் எடுக்கணும்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாவும் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்து, "அத்தைக்கு ஏறி இறங்கச் சுலபம்" என்றாள். டேப்பை உரித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஏங்க, இது நம்மள ஏர்போர்ட்ல கொண்டு விடுற வண்டிங்க!" அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். நாள் முழுக்க இதே கூத்துதான்.

மறுநாள் கூட்டம். எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசினார்கள். பிம்பம், மதிப்பு, இளைய தலைமுறை என்று என்னென்னவோ வார்த்தைகள். பத்ரி சார் ஆரஞ்சை உரித்து முடித்திருந்தார். கண் என்னிடம் வந்தது. "வசந்தா, நீங்களே பிளாட்லதான இருக்கீங்க? ஒரே வாக்கியம்."

"வெட்கம் சார்" என்றேன். "சாரதி வாசல்ல வந்து நின்னா, எந்த வீட்டுக்கு டாக்ஸி வந்திருக்குன்னு வாட்ச்மேன் கேப்பான். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுத்தான் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

பத்ரி சார் முதல் சுளையை என் பக்கம் நீட்டினார். அந்தச் சுளை இனித்தது. அதை மறைத்தால் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

அந்த வாக்கியம் எனக்கு எந்தச் சோதனையிலும் கிடைத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் குமரேசன் சவாரி முடித்துவிட்டு என் வீட்டுக்கு வருவான். அக்கா கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போவான். வாட்ச்மேன் இன்டர்காமில், "மேடம், டாக்ஸி புக் பண்ணீங்களா?" என்பான். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்ப்பாள். என் தம்பி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "விசிட்டர் பார்க்கிங் ஃபுல்லா கீது போல, வெளிய ரோட்டுல உட்டுட்டு வாடா" என்று ஒரு நாள் சொன்னேன். அவனிடம் பேசும்போது எனக்கும் குவார்ட்டர்ஸ் பேச்சு வந்துவிடும். பார்க்கிங் காலியாகத்தான் இருந்தது. அவனும் பார்த்திருப்பான். "சரிக்கா" என்றான். அதற்குப் பிறகு நான் சொல்லாமலே வண்டியை ரோட்டில்தான் நிறுத்தினான். கூட்டத்தில் நான் எடுத்து வைத்தது அந்தச் சங்கதியைத்தான். தம்பி என்ற சொல்லை மட்டும் உருவிவிட்டேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆபீசில் அதற்கு 'வசந்தா வாக்கியம்' என்றே பெயர். வெட்கத்துக்குக் காரணம் டாக்ஸி, ஆகவே டாக்ஸியை எடுத்துவிட்டால் வெட்கம் போய்விடும். இப்படிப் போனது எங்கள் புத்தி. இனி டி போர்டுக்குப் புது புக்கிங் கிடையாது. ஏற்கெனவே புக் செய்தவர்களுக்கு வண்டி உண்டு, ஆனால் டெலிவரி ஷோரூம் பின்பக்கத்து யார்டில். சர்வீஸுக்கும் பின் கேட்டு. முன்வாசலில், கண்ணாடிக்குள், ரோட்டிலிருந்து தெரிகிற இடத்தில் ஒரு மஞ்சள் பிளேட்கூட நிற்கக் கூடாது. பிராண்டை வெட்டலாமா, மாற்றலாமா என்று கேட்டார்கள். நாங்கள் பிராண்டை விட்டுவிட்டு, அதை இத்தனை நாள் தூக்கிச் சுமந்த ஆட்களை வெட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் குமரேசன் ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அக்கா, வண்டிக்கு வயசாய்ட்ச்சு. புது சாரதி புக் பண்ணிட்டேன். உன் கம்பெனி வண்டிய உட்டு வேற எதயும் மனசு கேக்கல."

உத்தரவு இன்னும் வெளியே போகவில்லை. ரகசியம். அவனிடம் சொல்லியிருக்கலாம். பின் கேட்டில் நிறுத்தப் போகிறார்கள், வேறு கம்பெனிக்குப் போடா என்று ஒரு வார்த்தை. "நல்லதுடா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கோ" என்றேன்.

பூந்தமல்லி ஷோரூமைப் புதுப்பித்துத் திறந்த நாள் முகூர்த்த நாள். வாசலில் வாழைமரம், உள்ளே வெள்ளை விளக்கு, புது அவதாரத்தில் நாலு சாரதி. பத்ரி சாரும் நானும் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றோம். பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. குமரேசன் இறங்கினான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் சாமந்தி மாலை. அவன் மனைவி செல்வி பூசணிக்காயை இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் அவர்கள் மகள் யாழினி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பாவாடை தாவணியில், எலுமிச்சம்பழப் பையோடு. நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுக்க வந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

ஷோரூம் மேனேஜர் பையன் ஓடினான். "டி போர்டு டெலிவரியா? பின் கேட்டுக்கு வாங்க. இங்க ஃபங்ஷன் நடக்குது."

"தெரியும்பா, அதான் நல்ல நாள்னு வந்தோம். வாசல்ல வச்சு ஒரு பூசணிக்கா ஒடச்சிட்டு எடுத்துகினு போய்டறோம்" என்றான் குமரேசன்.

"அதெல்லாம் இங்க அலவ்டு இல்ல சார். கம்பெனி ரூல்."

குமரேசன் என்னைப் பார்த்தான். செல்வியும் பார்த்தாள். கம்பெனி என்றால் அவர்களுக்கு நான்தானே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழிவிட்டிருப்பார்கள். பத்ரி சார் அவர்கள் பார்வையைக் கவனித்துவிட்டார். "வசந்தா, உங்களையே பார்க்கறாங்களே. தெரிஞ்சவங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் குமரேசன் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"இல்ல சார். மேடத்த ஒரு வாட்டி சர்வீஸ் கேம்ப்ல பாத்துகீறேன். அவ்ளோதான்."

யாழினி, "அத்..." என்று ஆரம்பித்தாள். செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஆமா சார்" என்றேன் நான்.

மூவரும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனார்கள். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. "என்ன அது?" என்றார் பத்ரி சார். தெரியவில்லை சார் என்றேன். வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மானம் கப்பலேறியது என்பார்களே, எனக்கு அன்றைக்கு ஏறவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாமல் பத்திரமாக இருந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

சாரதி என்ன ஆனது என்று நிவேதாவுக்குத் தெரிந்திருக்கும். பிளாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், வேறு கம்பெனியில் போய் வாங்கினார்கள். பெயர் அதே பெயர்தானே, விமான நிலைய வாசலில் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதானே இருந்தன? டாக்ஸிக்காரர்களோ சங்கத்தோடு மொத்தமாகப் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். "அங்க முன்னாடி கேட்டே தொறந்து வச்சிகிறாங்க, உங்க பின்கேட்டு எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று ஒரு டிரைவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. கடைசியில் சாரதியை மூடினோம். பத்ரி சார் இன்னும் பெரிய கம்பெனிக்கு இன்னும் பெரிய வேலையில் போனார். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், துணிச்சலான முயற்சிக்காம். பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது.

குமரேசன் கையில் புது வண்டி, பெயர் இல்லாத அனாதையாக. ஸ்பேர் கிடைக்காமல் அலைந்தான். விற்கப் போனால் கேட்பார் இல்லை. என்னிடம் ஒரு உதவி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. கூப்பிட்டால், "சவாரி கீதுக்கா" என்பான். கோபம் துளி இருக்காது குரலில். திட்டித் தொலைத்திருக்கலாம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் யோசனை வேண்டுமென்றால் இதுதான். மூடுவதென்றால் மூடுங்கள். வாங்கியவர்களைக் கூப்பிட்டு, மூடப் போகிறோம், இத்தனை காலம் ஸ்பேர் தருவோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மூடுங்கள். மாற்றுவதென்றால் வண்டியை மாற்றுங்கள். வாங்குகிறவனை ஒளித்து வைத்துவிட்டுப் பெயருக்குப் பவுடர் பூசாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை.

ரிட்டயரான பிறகு ஒரு நாள் துணிந்து கரையான்சாவடிக்குப் போனேன். மெட்ரோ தூண்களுக்கு ஓரமாக ஆட்டோவை விட்டு இறங்கிச் சந்துக்குள் நடந்தேன். சாரதி வீட்டு வாசலில் நின்றது, கழுவித் துடைத்து. குமரேசன் எழுந்து வந்து, "இன்னாக்கா, ஒரு போன் பண்ணா நானே வந்து இட்டுகினு வந்திருப்பேனே" என்றான். முடி நரைத்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன். பார்க்கிங் காலியாக இருந்ததை, கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியத்தை, அந்தப் பின் கேட்டுச் சட்டமே என் வாயிலிருந்து வந்ததை. அந்தக் கடைசி விஷயம் அவனுக்குத் தெரியாது.

"உடுக்கா" என்றான். "நீ இன்னா பொய்யா சொன்ன?"

"நெஜம்னா சொல்லிடறதாடா?"

"நெஜந்தானேக்கா. யாழினி காலேஜ் போறா இல்ல, மழன்னா நான்தான் கொண்டு போய் உடறேன். கேட்டாண்ட போமாட்டேன். ரெண்டு தெரு தள்ளியே நிறுத்திடுவேன்."

"அவ சொன்னாளா அப்படி?"

"சேச்சே, அவ வாயத் தொறந்து ஒரு நாளும் சொன்னதில்ல. தங்கம் அது." குரலைத் தாழ்த்தினான். "நானா நிறுத்திடறேன். யாருடி அதுன்னு கூடப் படிக்கிறதுங்க கேட்டா, பாவம், கொழந்த பொய் சொல்ல வேண்டி வரும். அதான் நானே முந்திக்கறது."

நான் அழுதுவிட்டேன். அறுபதைத் தாண்டியவள், தம்பி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. சமையலறையிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். குமரேசன் பதறி எழுந்து, சாத்தியிருந்த உள் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அய்ய, அழாதக்கா. மெதுவா. யாழினி உள்ளதான் கீறா, கேட்டுறப் போறா."